ஒரு கொல்லர் மகனும் கோடி ஏக்கர் நிலமும்

பர்டூ, இல்லினாய், டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஓஹையோ ஸ்டேட், பென் ஸ்டேட், வெர்ஜீனியா டெக். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளின் விண்ணப்பப் பட்டியலில் இந்தப் பெயர்களில் இரண்டு மூன்றாவது கட்டாயம் இருக்கும். மதிப்பெண் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் கார்னெல், எம்ஐடி என்றும் முயற்சி செய்வார்கள். இவை அத்தனையும் 1862-ல் வந்த ஒரே ஒரு சட்டத்தின் பணத்தில் பிறந்தவை, அல்லது அந்தப் பணத்தில் வளர்ந்தவை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒரு கொல்லரின் மகன். பதினைந்து வயதோடு படிப்பை நிறுத்தியவர். கல்லூரியில் ஒரு நாள்கூட மாணவராக உட்கார்ந்ததில்லை.

அவர் பெயர் ஜஸ்டின் ஸ்மித் மொரில். வெர்மாண்ட் மாநிலத்துக்காரர். 1855 முதல் 1867 வரை பிரதிநிதிகள் சபை, பிறகு 1898 டிசம்பரில் இறக்கும் வரை செனட். ஏறக்குறைய 44 ஆண்டுகள் இடைவெளியே இல்லாமல் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், இருந்தார். அதுவரை வேறு யாரும் அவ்வளவு காலம் தொடர்ந்து இருந்ததில்லை. நான் படித்ததும் அந்தச் சட்டத்தால் வந்த ஒரு பல்கலைக்கழகத்தில்தான். அங்கே மொரில் ஹால் என்று ஒரு பழைய கட்டடம் உண்டு. இந்த வகைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்தப் பெயரில் ஒன்று இருக்கும். யார் இந்த மொரில் என்று தேட ஆரம்பித்து, அவருடைய நாற்பத்து நான்கு ஆண்டுகளும் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டு செனட் என்றால் எல்லோரும் வெப்ஸ்டர், கிளே, கால்ஹூன் என்று மேடைச் சிங்கங்களைச் சொல்வார்கள். எனக்கு மொரில்தான்.

1810 ஏப்ரல் 14 அன்று ஸ்ட்ராஃபோர்ட் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். அப்பா நத்தானியல் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். மகனுக்குப் படிப்பில் ஆசை. பக்கத்து ஊர் அகாடமிகளில் கொஞ்ச நாள் படித்தார். அதற்கு மேல் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் அப்பா ஒரு முடிவு எடுத்தார். எல்லாப் பிள்ளைகளையும் அனுப்ப வசதியில்லை, ஒருவனை மட்டும் அனுப்பினால் மற்றவர்களுக்கு அநியாயம், அதனால் யாரும் போக வேண்டாம்.

இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். நம் குடும்பங்களில் கணக்கு வேறு மாதிரி ஓடும். என் பெரியப்பா எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனார், என் அப்பா கல்லூரிக்குப் போனார். ஒருவர் மேலே ஏறினால் மற்றவர்களைத் தூக்கிவிடுவார் என்பது நம் நம்பிக்கை. பெரியப்பா அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசியதில்லை. ஆனால் யாராவது பட்டமளிப்பு விழாப் படத்தைக் காட்டினால் அதை வாங்கிக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பார். நத்தானியல் மொரில் அந்தச் சுமையை எந்தப் பிள்ளையின் தலையிலும் வைக்கவில்லை. எல்லோருக்கும் இல்லையென்றால் யாருக்கும் இல்லை. அந்த நியாயம் சரியா தவறா என்று எனக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை, படிப்பு எல்லோருக்குமா சிலருக்கா என்ற கேள்வியை, அந்த மகன் கடைசிவரை விடவில்லை.

கடைப்பையனாக வேலைக்குச் சேர்ந்தார். மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் துறைமுகத்தில் சில ஆண்டுகள். பிறகு ஊர் திரும்பி, ஜெடிடையா ஹாரிஸ் என்ற பெரியவரோடு கூட்டுச் சேர்ந்து கடை நடத்தினார். கிராமத்துப் பலசரக்குக் கடை என்றால் அந்தக் காலத்தில் அதுதான் வங்கியும். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்தப் பொருள் எந்த விலைக்கு வந்து எந்த விலைக்குப் போகும், விளைச்சல் பொய்த்த வருஷம் யார் வீட்டில் என்ன நிலைமை, எல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். 38 வயதில் போதுமான பணம் சேர்த்துக்கொண்டு வியாபாரத்திலிருந்து ஒதுங்கி, ஊரிலேயே கோதிக் பாணியில் ஒரு வீட்டைத் தானே வரைந்து கட்டினார். மணற்கல் போலத் தோன்றுவதற்காக இளஞ்சிவப்புச் சாயம் பூசிய மரவீடு. அது இன்றும் இருக்கிறது, மாநில அரசின் நினைவில்லமாக. 1851-ல் ரூத் ஸ்வான் என்ற ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார். தோட்டம், புத்தகம் என்று மீதிக் காலத்தைக் கழிக்கலாம் என்று இருந்தவரை 1854-ல் தேர்தலில் நிற்க வைத்தார்கள். மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். விக் என்ற பழைய கட்சி உடைந்து கரைந்துகொண்டிருந்த சமயம் அது. வெர்மாண்டில் புதிதாக முளைத்த குடியரசுக் கட்சியைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

சபைக்குப் போன சில மாதங்களிலேயே, 1856 பிப்ரவரியில், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி போல விவசாயத்துக்கும் தேசிய அளவில் பள்ளிகள் வைக்கலாமா என்று ஆராயும்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது எடுபடவில்லை. 1857 டிசம்பர் 14 அன்று முழு மசோதாவாகவே கொண்டுவந்தார். மத்திய அரசிடம் மேற்கே ஏராளமான நிலம் இருக்கிறது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி, தலைக்கு 20,000 ஏக்கர் கொடுப்போம். அதை விற்று வரும் பணத்தை முதலீடாகப் போட்டு, வட்டியில் ஒரு கல்லூரியாவது நடத்த வேண்டும். அங்கே விவசாயமும் இயந்திரத் தொழில் கல்வியும் முக்கியப் பாடமாக இருக்க வேண்டும்.

யோசனை முழுக்க அவருடையது இல்லை. இல்லினாயில் ஜோனதன் பால்ட்வின் டர்னர் என்ற பேராசிரியர் 1850-களின் தொடக்கத்திலிருந்தே உழைக்கும் மக்களுக்கான பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். இல்லினாய் சட்டமன்றம் 1853-லேயே காங்கிரஸுக்கு மனுப் போட்டது. மிச்சிகன் 1855-ல் தன் சொந்த விவசாயக் கல்லூரிக்கே சட்டம் போட்டுவிட்டது. யாருடைய யோசனை என்று பின்னால் பெரிய சண்டை நடந்தது. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. யோசனை பலரிடம் இருந்தது. அதை ஒரு மசோதாவாக்கி, தோற்று, மறுபடி எடுத்து, வாக்குகளை எண்ணி எண்ணிச் சேர்த்துக் கரையேற்றியது ஒருவர்தான்.

எப்படித் தோற்றது என்பதைச் சொல்ல வேண்டும். தன் மசோதா விவசாயக் குழுவுக்குப் போக வேண்டும் என்று மொரில் விரும்பினார். அது பொது நிலங்கள் குழுவுக்குப் போனது. அதன் தலைவர் அலபாமாவின் வில்லியம்சன் காப். 1858 ஏப்ரலில் குழு மசோதாவுக்கு எதிராக அறிக்கை கொடுத்தது. மொரில் எழுந்து ஒரு நீண்ட உரை ஆற்றினார். கடைக்காரர் கணக்கு அதில் தெரிகிறது. மண் சத்துப் போய்க்கொண்டிருக்கிறது, விளைச்சல் குறைகிறது, ஐரோப்பாவில் விவசாயப் பள்ளிகள் பெருகிவிட்டன, நாம் நிலத்தைச் சுரண்டிவிட்டு மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறோம் என்று தகவல்மேல் தகவலாக அடுக்கினார். 105-க்கு 100 என்று மசோதா சபையில் தேறியது. 1859 பிப்ரவரியில் செனட்டில் 25-க்கு 22. இரண்டு இடத்திலும் நூலிழை.

தெற்கு மாநில செனட்டர்களுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. இன்று கல்லூரிக்குப் பணம் கொடுக்கும் மத்திய அரசு நாளை பள்ளிக்கூடங்களுக்குள்ளும் வரும், அதற்கு மறுநாள் அடிமை முறையிலும் கை வைக்கும் என்ற பயம். மேற்கு மாநிலத்தவர்களின் பயம் வேறு: கிழக்கத்திய தரகர்கள் நம் ஊர் நிலத்தை மலிவாக வளைத்துப் போட்டுக்கொண்டு விலை ஏறும்வரை சும்மா வைத்திருப்பார்கள். இரண்டாவது பயம் நியாயமானது, பின்னால் அப்படியே நடந்தது. அதிபர் புக்கேனன் மசோதாவைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். கஜானா காலி, அரசியல் சாசனத்தில் இதற்கு இடமில்லை, ஏற்கெனவே உள்ள கல்லூரிகள் பாதிக்கப்படும், பணம் சரியாகச் செலவாகிறதா என்று மத்திய அரசால் கண்காணிக்க முடியாது என்று காரணங்களை வரிசையாகச் சொன்னார். தடையை மீற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கிடைக்கவில்லை.

மொரில் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு சும்மா உட்கார்ந்திருந்தது அல்ல. இடையில் அவர் பெயரிலேயே வழங்கும் சுங்கவரிச் சட்டத்தை எழுதி முடித்தார். உள்நாட்டுத் தொழில்களைக் காப்பாற்ற இறக்குமதி வரியை உயர்த்திய சட்டம். 1861 மார்ச் 2 அன்று, பதவி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, கல்லூரி மசோதாவைத் தடுத்த அதே புக்கேனன் இதில் கையெழுத்துப் போட்டார். இந்த வரிதான் உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். காலண்டரைப் பார்த்தாலே போதும். அந்தச் சட்டம் செனட்டைத் தாண்டுவதற்கு முன்பே ஏழு தெற்கு மாநிலங்கள் பிரிந்து போய்விட்டன. தெற்கு செனட்டர்கள் வெளியேறிய பிறகுதான் அதற்கு வாக்கே கிடைத்தது.

அதேதான் கல்லூரி மசோதாவுக்கும் வழி திறந்தது. 1861 டிசம்பரில் மொரில் அதை மறுபடி கொண்டுவந்தார். தலைக்கு 20,000 ஏக்கர் இப்போது 30,000 ஆகிவிட்டது. போர்க்காலம் என்பதால் ராணுவப் பயிற்சியும் பாடத்தில் சேர்ந்தது. கலகத்தில் இருக்கும் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை. சபையில் பொது நிலங்கள் குழு மறுபடி முட்டுக்கட்டை போட்டது. ஓஹையோ செனட்டர் பெஞ்சமின் வேட் அதைச் செனட் வழியாகக் கொண்டுவந்தார். கான்சாஸ் செனட்டர் ஜேம்ஸ் லேன் தன் மாநில நிலமெல்லாம் தரகர்கள் கைக்குப் போய்விடும் என்று கத்தியதில், எந்த ஒரு மாநிலத்திலும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படி எடுக்கக்கூடாது என்று ஒரு வரம்பு சேர்ந்தது. செனட்டில் 32-க்கு 7, பிரதிநிதிகள் சபையில் 90-க்கு 25. மூன்று ஆண்டுகளுக்கு முன் நூலிழையில் தொங்கிய அதே மசோதா.

1862 ஜூலை 1 அன்று வெர்ஜீனியாவில் மால்வெர்ன் ஹில் குன்றில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். பிரிந்துபோன தெற்கின் தலைநகரான ரிச்மண்டைப் பிடிக்கப் போன வடக்குப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதே நாளில் லிங்கன் வருமான வரிச் சட்டத்திலும் பசிபிக் ரயில் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஜூலை 2, கல்லூரிச் சட்டத்தில். வருமான வரிச் சட்டத்தைச் சபையில் நடத்திச் சென்றதும் மொரில்தான், தாடியஸ் ஸ்டீவன்ஸ் தலைமையிலான வரிவிதிப்புக் குழுவில் வரிகளுக்கான துணைக்குழு அவர் பொறுப்பு. 600 டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் 3 சதவீதம், 10,000 டாலரைத் தாண்டினால் 5. அப்புறம் ஜூலை 8 அன்று பலதார மணத்தைத் தடை செய்யும் சட்டம், யூட்டாவின் மோர்மன்களைக் குறிவைத்தது, அதுவும் இவர் பெயரில்தான். ஒரே வாரத்தில் ஒரு மனிதர் கை பட்டு இத்தனை சட்டங்கள். தோற்கும் நிலையிலிருந்த ஒரு நாடு, அடுத்த நூறு ஆண்டுக்கான கல்லூரிகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

சட்டம் எழுதியிருக்கும் விதத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும், கடைக்காரர் மூளை அங்கே வேலை செய்கிறது. நிலம் விற்று வரும் பணம் பத்திரமான முதலீட்டில் இருக்க வேண்டும், குறைந்தது 5 சதவீதம் வட்டி வர வேண்டும், மூலதனத்தை என்றைக்கும் தொடக்கூடாது. நஷ்டம் வந்தால் மாநிலமே ஈடு செய்ய வேண்டும். பத்தில் ஒரு பங்கை மட்டும் கல்லூரி மனைக்கோ சோதனைப் பண்ணைக்கோ எடுக்கலாம். கட்டடம் கட்டவும் பழுது பார்க்கவும் ஒரு காசுகூடக் கூடாது, அதை மாநிலமே பார்த்துக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கொடுத்துவிட்டு, வாங்குகிறவனும் கைக்காசு போடும்படி செய்த ஏற்பாடு. பாடத்தைப் பொறுத்தவரை விவசாயமும் இயந்திரக் கலையும் முதன்மை, ஆனால் மற்ற அறிவியலையும் பழைய இலக்கியங்களையும் ஒதுக்கக்கூடாது. உழவன் மகனுக்கு உழவு மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். மொரில் அந்த வரியைச் சேர்த்து அந்தக் கதவை அடைத்தார். அவருடைய வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஒரு வரிதான்.

சொந்தமாகப் பொது நிலம் இல்லாத கிழக்கு மாநிலங்களுக்கு நிலப் பத்திரம் கொடுத்தார்கள். அதை வாங்கியவர் மேற்கே போய் நிலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் விற்க வந்ததால் விலை சரிந்தது. அரசு விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர், பத்திரங்கள் பல இடங்களில் அதில் பாதிக்கும் கீழே போயின. நியூயார்க் கதை மட்டும் வேறு. அதற்கு 33 உறுப்பினர்கள் கணக்கில் 9,90,000 ஏக்கருக்கான பத்திரம். எஸ்ரா கார்னெல் என்ற தந்திக் கம்பெனி முதலாளி பெரும்பகுதியைக் கையில் எடுத்து, விஸ்கான்சினில் பைன் மரக்காடுகளைப் பார்த்துப் பொறுக்கி, விலை ஏறும்வரை வரி கட்டிக் காத்திருந்தார். அவர் இறந்த பிறகும் பல்கலைக்கழகம் அதைத் தொடர்ந்தது. கடைசியில் 50 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் செல்வத்துக்கு அஸ்திவாரம் அந்தக் காடு.

அந்தக் காடு யாருடையது? இங்கேதான் எனக்கு மனசு கனக்கிறது. விஸ்கான்சின் பைன் காடுகள் ஓஜிப்வே மக்களுடையவை, 1837-லும் 1842-லும் ஒப்பந்தங்கள் மூலம் அவர்களிடமிருந்து வாங்கப்பட்டவை. கலிஃபோர்னியாவில் அதுகூட இல்லை. 1851, 52-ல் பூர்வகுடிகளோடு போட்ட 18 ஒப்பந்தங்களை செனட் அங்கீகரிக்கவே இல்லை, நிலம் மட்டும் போய்விட்டது. 2020-ல் ஒரு பத்திரிகைக் குழு ஆவணங்களைத் தோண்டி எடுத்து, மொரில் சட்டத்தில் கைமாறிய ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் ஏக்கரும் சுமார் 250 பழங்குடிச் சமூகங்களிடமிருந்து வந்தது என்று துண்டு துண்டாகக் காட்டியது. மின்னசோட்டாவில் 1862 ஆகஸ்டில், லிங்கன் கையெழுத்துப் போட்ட ஆறேழு வாரத்தில், வாக்களித்த பணமும் உணவும் வராமல் பட்டினியில் கிடந்த டக்கோட்டா மக்களில் ஒரு பகுதியினர் போரில் இறங்கினார்கள். டிசம்பர் 26 அன்று 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அவர்களிடமிருந்து எடுத்த நிலமும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

மொரிலின் மசோதாவிலும் உரைகளிலும் இதெல்லாம் பொது நிலம், அவ்வளவுதான். அவருக்கு அது கஜானாவில் இருக்கும் சொத்து. அவர் காலத்து வெள்ளை அரசியல்வாதிகளில் பெரும்பாலோர் அப்படித்தான் பார்த்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் பிள்ளைகளுக்குள் பாரபட்சம் கூடாது என்ற வீட்டில் வளர்ந்தவருக்கு, அந்த நிலத்தில் வாழ்ந்த பிள்ளைகள் கண்ணில் படவில்லை. அவர்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

1866-ல் வெர்மாண்ட் சட்டமன்றம் அவரைச் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. அப்போது செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலச் சட்டமன்றம்தான். நேரடித் தேர்தல் 1913-ல் வந்தது. இவர் யாருடைய இடத்துக்குப் போனாரோ அந்த லூக் போலண்ட், இவர் விட்டுப்போன பிரதிநிதிகள் சபை இடத்துக்கு வந்தார். இடம் மாற்றிக்கொண்டது போல. குடியரசுக் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை வெர்மாண்ட், அதனால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அவரைத் திருப்பித் திருப்பி அனுப்பியது. 1868-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன்மீது பதவி நீக்க விசாரணை நடந்தபோது குற்றவாளி என்று வாக்களித்தார். நிதிக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைவர். பணத்துக்குத் தங்கமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றவர், 1862-ல் காகிதப் பணத்தையே எதிர்த்தவர். சுங்கவரி விஷயத்தில் கடைசிவரை மாறவில்லை. முதுமையில் தலைமை நாற்காலி மூப்பின்படி அவருடையதாக இருந்தாலும், உண்மையான வேலையை ரோட் ஐலண்டின் நெல்சன் ஆல்ட்ரிச் போன்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பொருளாதாரத்தில் அவருடைய கருத்துகள் எனக்கு அவ்வளவு ஒப்புதல் இல்லை, வேகமாகக் கடந்துபோகிறேன்.

வாஷிங்டனுக்குப் போகிறவர்கள் இவர் கைவேலையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பிரதிநிதிகள் சபை புதிய மண்டபத்துக்கு மாறிய பிறகு பழைய மண்டபம் போட்டது போட்டபடி கிடந்தது. ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலை அனுப்பட்டும், இங்கே வைப்போம் என்று 1864-ல் யோசனை சொன்னவர் இவர். வெர்மாண்ட் அனுப்பிய இரண்டில் அவர் சிலை இல்லை. காங்கிரஸ் நூலகத்துக்காக அவர் பட்ட பாடு இன்னொரு பெரிய கதை. 1870-ல் வந்த பதிப்புரிமைச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பிரதி நூலகத்துக்கு வர வேண்டும். நூலகம் அப்போது காங்கிரஸ் கூடும் கேபிட்டல் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. அலமாரி நிரம்பி, தரை நிரம்பி, நடக்க வழியில்லாமல் புத்தகங்கள் குவிந்தன. நூலகர் ஐன்ஸ்வொர்த் ஸ்பாஃபோர்ட் வருஷா வருஷம் தனிக் கட்டடம் கேட்டுக் கெஞ்சினார். மொரிலும் எதிர்க்கட்சியான இண்டியானாவின் டேனியல் வூர்ஹீஸும் சேர்ந்து அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1886-ல் சட்டம் வந்தது, 1897-ல் கட்டடம் திறந்தது. கல்லூரிப் படிப்பு இல்லாதவர் கட்டவைத்த நூலகம்.

ஆனால் அந்த நீண்ட செனட் காலத்தில் அவர் விடாமல் துரத்தியது வேறொன்று. கல்லூரிகள் திறந்துவிட்டன, பணம் போதவில்லை. நிலத்தை மலிவாக விற்ற மாநிலங்களில் வட்டி ஆசிரியர் சம்பளத்துக்கே காணவில்லை. 1870-களின் தொடக்கத்திலிருந்து கூடுதல் பணம் கேட்டு மசோதாவுக்குமேல் மசோதாவாகக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் செத்தது. 1890 ஆகஸ்ட் 30 அன்று, அவருக்கு 80 வயதில், இரண்டாவது மொரில் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் முதல் ஆண்டு 15,000 டாலர், ஆண்டுக்கு 1,000 கூடி 25,000 வரை, அதற்குப் பிறகு நிரந்தரமாக. பெரிய தொகை என்று சொல்ல முடியாது, ஆனால் வருஷா வருஷம் கட்டாயம் வரும் பணம்.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. மாணவர் சேர்க்கையில் நிறம் பார்க்கும் கல்லூரிக்குப் பணம் இல்லை. அடுத்த வாக்கியத்திலேயே ஒரு விலக்கு: வெள்ளையர்களுக்கும் கறுப்பர்களுக்கும் தனித்தனிக் கல்லூரி வைத்து, பணத்தை நியாயமாகப் பிரித்தால் போதும். தெற்கு மாநிலங்கள் பதினேழும் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டன. உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது 1896-ல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே அதே ஏற்பாடு இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. விலக்கு இல்லாமல் மசோதா தேறியிருக்காது என்பது எனக்குப் புரிகிறது. அது இல்லாவிட்டால் தெற்கில் ஒரு தலைமுறைக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பொறியியலும் விவசாயமும் கற்றுத்தரும் அரசுக் கல்லூரிகள் பல வந்தே இருக்காது என்பதும் உண்மை. ஆனால் பணத்தை நியாயமாகப் பிரிக்க வேண்டும் என்ற சொல்லை மாநிலங்கள் காற்றில் விட்டன. 2023-ல் அமெரிக்கக் கல்வித் துறையும் விவசாயத் துறையும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதின. அந்தக் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு முப்பது ஆண்டுகளில் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று.

இந்தக் கல்லூரிகளுக்குள் நுழைந்தவர்களை நினைக்கும்போதுதான் எனக்கு மொரிலின் நாற்பத்து நான்கு ஆண்டுகளின் முழு எடையும் தெரிகிறது. அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1891-ல் அயோவா மாநிலக் கல்லூரிக்கு வந்தார், அங்கே சேர்ந்த முதல் கறுப்பின மாணவர். 1894-ல் இளங்கலை, 1896-ல் முதுகலை, பிறகு தெற்கில் டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்லூரியில் வாழ்நாள் முழுக்க ஆசிரியர். பருத்தி தின்று தீர்த்த தெற்கத்திய மண்ணுக்கு நிலக்கடலையும் தட்டைப்பயறும் போட்டுச் சத்தை மீட்கக் கற்றுக்கொடுத்தார். மொரில் 1858-ல் சபையில் பேசியது அந்த மண்ணைப் பற்றித்தான். அதே அயோவாவில் 1880-ல் பட்டம் வாங்கிய காரி சாப்மன் கேட், தன் வகுப்பில் ஒரே பெண். பெண்களுக்கு வாக்குரிமை வாங்கிக்கொடுத்த போராட்டத்தின் தலைவிகளில் ஒருவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தோற்று, அதன் பொதுக் கல்லூரி வழியாக உள்ளே வந்த ஒரு விவசாயி மகன் பெயர் நார்மன் போர்லாக். அவர் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமையை இந்திய வயலுக்குக் கொண்டுவந்த எம்.எஸ். சுவாமிநாதன் கோவை விவசாயக் கல்லூரியில் படித்தவர், பிறகு விஸ்கான்சினில் ஆய்வு செய்தவர். விஸ்கான்சினும் இந்தச் சட்டத்தின் பிள்ளைதான். 1960-ல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் விவசாயப் பல்கலைக்கழகம் இதே மாதிரியில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு வந்தது. கற்பிப்பது, ஆராய்வது, விவசாயியிடம் கொண்டுபோவது, மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. 1971-ல் கோவைக் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனதும் அந்த வரிசையில்தான்.

1898 மே மாதம் ரூத் இறந்தார். அந்தக் கோடையில் 88 வயதுக் கிழவர் எழுந்து நின்று ஹவாயை இணைத்துக்கொள்வதை எதிர்த்துப் பேசினார். தன் கட்சி அதிபரின் விருப்பத்துக்கு எதிராக. தூரத்துத் தீவுகளையும் அங்குள்ள மக்களையும் சேர்த்து ஆள்வது குடியரசின் வேலை இல்லை என்பது அவர் எண்ணம். தீர்மானம் தேறிவிட்டது. டிசம்பர் 28 அன்று வாஷிங்டனில் பதவியில் இருக்கும்போதே இறந்தார், ஸ்ட்ராஃபோர்டில் அடக்கம் செய்தார்கள்.

பூர்வகுடி மக்கள் நடத்தும் கல்லூரிகளுக்கு இந்த வரிசையில் இடம் கிடைக்க 1994 வரை ஆனது. அந்த ஆண்டு 29 கல்லூரிகள் சேர்க்கப்பட்டன. தெற்கு டக்கோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் இப்போது, மொரில் காலத்து நிலத்திலிருந்து இன்றும் தனக்கு வரும் வருமானத்தைப் பூர்வகுடி மாணவர்களின் படிப்புக்குத் திருப்பிவிடுகிறது. நான் படித்த இடம் உட்பட மற்றவர்களும் தங்கள் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து அதே வேலையைச் செய்ய வேண்டும். நிலம் எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது, என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் ஆவணங்களில் பெயரோடு இருக்கிறது. போன வருஷம் முன்னாள் மாணவர் சங்கம் நன்கொடை கேட்டு எழுதியபோது, இதைக் கேட்டுத்தான் பதில் போட்டேன். இந்த வருஷமும் போடுவேன்.